ஏழு வருடப் பழைய நிரலும் 4,300 எச்சரிக்கைகளும்

கொழும்பில் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய அணியில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். மொத்த வியாபாரிகள் பாவிக்கும் பில்லிங் செயலி. சேர்வர் பக்கம் பிஎச்பி மொழியின் லாரவெல், திரைப் பக்கம் ஜாவாஸ்கிரிப்டின் ரியாக்ட், ஏழு வருடமாக ஓடுகிறது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது உடைவதால், தானியங்கிச் சோதனைகளைப் போடச் சொல்லிவிட்டார் முதலாளி. நீங்களும் நிரலை ஓட்டாமலே வாசித்துப் பிழை தேடும் ஈஎஸ்லின்ட் (ஜாவாஸ்கிரிப்டுக்கு), பிஎச்பிஸ்டான் (பிஎச்பிக்கு), சோனார்கியூப் (இரண்டுக்கும்) மூன்றையும் ஒரே கிழமையில் பூட்டினீர்கள். 4,300 எச்சரிக்கை வந்தது. இப்போது அந்தப் பக்கத்தை ஒருவரும் திறப்பதில்லை. எது நல்ல கருவி, எல்லாவற்றையும் திருத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா, முதலாளிக்கு என்ன காட்டுவது என்று கேட்கிறீர்கள்.

கருவிகள் மூன்றும் நல்லவை, மாற்றத் தேவையில்லை. உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன்: சோதனை சொல்வதை உங்கள் ஆட்கள் மதிக்க என்ன வழி? அதற்குத்தான் இந்தப் பதில். நான் பதினாறு வருடமாக இங்கே இந்த வேலை செய்கிறேன், நான்கு பேரிலிருந்து முப்பது பேர் வரையுள்ள அணிகளில். வங்கி, மருத்துவ உபகரணம் போன்ற துறைகளில் சட்டமே கேட்கும் சோதனைகள் உண்டு. அவற்றில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, ஆகவே நான் சொல்வதை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம். உங்கள் நிரலையும் நான் பார்க்கவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். சோதனை சிவப்பாக, அதாவது தோற்று, இருக்கும்போதும் புது நிரலைப் பிரதான நிரலோடு சேர்க்கும் மேர்ஜ் பட்டனை அழுத்த முடிகிறது என்றால் அந்தச் சோதனை இருந்தும் இல்லாத மாதிரித்தான். அவசரமான ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் யாராவது ஒருவர் அழுத்துவார், அடுத்த கிழமை எல்லோரும் அழுத்துவார்கள். நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் பிரதான கிளைக்குப் பூட்டுப் போட்டு, இன்னின்ன சோதனை பச்சையானால்தான் சேர்க்கலாம் என்று வைக்கலாம். ஆனால் பிரைவட் ரெப்போ (வெளியார் பார்க்க முடியாத நிரல் களஞ்சியம்) என்றால் இலவசத் திட்டத்தில் இந்தப் பூட்டுக் கிடைக்காது, காசு கட்ட வேண்டும். சோனார்கியூப்புக்கு ஒரு சேர்வரை ஒதுக்கியிருப்பீர்கள். அந்தச் செலவை முதலில் இந்தப் பூட்டுக்குப் போடுங்கள் என்பேன். முப்பது விதியைப் பார்த்துப் புறக்கணிப்பதைவிட மூன்று விதி கட்டாயமாக நிறுத்துவது எத்தனையோ மடங்கு நல்லது.

அடுத்தது அந்த 4,300. அவற்றைத் திருத்தப் போகாதீர்கள். ஏழு வருடம் ஓடிய நிரலில் எச்சரிக்கை இருக்கும் இடமெல்லாம் பிழை இருக்கும் இடம் அல்ல. அவசரமாகத் திருத்தப்போய்ப் புதுப் பிழையை நுழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஎச்பிஸ்டானில் பேஸ்லைன் என்று ஒரு வசதி உண்டு. இன்றைய தேதியில் இருக்கும் பிழைகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, இனிமேல் புதிதாக வருவதை மட்டும் பிழையாகக் காட்டும். இதே வசதி 2025இல் ஈஎஸ்லின்ட்டுக்கும் வந்துவிட்டது. அதோடு ஒரு ஒப்பந்தம் வேண்டும்: பேஸ்லைன் கோப்பு குறையலாம், கூடக் கூடாது. யாராவது ஒரு பழைய கோப்பைத் தொட்டால் அந்தக் கோப்பில் உள்ளதை மட்டும் கையோடு துப்புரவாக்கட்டும். பிஎச்பிஸ்டானின் கடுமை 0 இலிருந்து 10 வரை போகிறது. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே 8இல் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் இவ்வளவு தொகை. 2இலோ 3இலோ தொடங்கி, ஒரு மாதம் பச்சையாக இருந்தால் ஒரு படி ஏறுங்கள். லாரவெல் மறைவில் செய்யும் மாயங்களை விளங்கிக்கொள்ள லாராஸ்டான் என்ற துணைப் பொதியும் வேண்டும், இல்லாவிட்டால் சரியான நிரலையும் பிழை என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

எச்சரிக்கைகளில் பெரிய பங்கு பெரும்பாலும் இடைவெளி, மேற்கோள் குறி, அரைப்புள்ளி வகையாக இருக்கும். ஈஎஸ்லின்ட்டில் உள்ள லின்ட் என்ற பெயரே அப்படி வந்ததுதான்: 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் ஜோன்சன் சி மொழிக்கு எழுதிய கருவிக்கு, துணியில் ஒட்டும் நூல்பஞ்சின் பெயரை வைத்தார். பஞ்சு பொறுக்குவதற்கு மனிதரை வைக்காதீர்கள். நிரலின் வடிவத்தைத் தானாக ஒழுங்குபடுத்தும் பிரிட்டியரையும் லாரவெல் பின்ட்டையும் ஒரே நாளில், ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவாக), முழு ரெப்போவுக்கும் ஓட்டிவிடுங்கள். திறந்து கிடக்கும் புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கக் காத்திருக்கும் மாற்றங்கள்) எல்லாம் முடிந்த ஒரு நாளைப் பார்த்துச் செய்யுங்கள். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேமில் எல்லா வரிக்கும் உங்கள் பெயர் விழுந்துவிடும் என்ற பயம் வேண்டாம். புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வசதி 2019இல் வந்த கிட் 2.23 முதல் இருக்கிறது. இந்த ஒரு வேலையால் ஒருவர் நிரலை மற்றவர் பார்க்கும் கோட் ரிவியூவில் நடக்கும் வாக்குவாதம் பாதியாகக் குறைந்ததை நான் இருந்த ஒவ்வொரு அணியிலும் பார்த்தேன். மனிதர்கள் அர்த்தத்தைப் பற்றிக் கதைக்க நேரம் கிடைத்தது.

இவ்வளவும் எந்த நாட்டிலும் யாரும் சொல்லக்கூடியது. நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது இனித்தான் வருகிறது. உங்கள் செயலியை மாதத்துக்கு இரண்டு தடவை உடைக்கும் பிழைகளைச் சந்தையில் உள்ள எந்தக் கருவியும் அறியாது. அவை உங்கள் வியாபாரத்தின் பிழைகள், இந்த ஊரின் பிழைகள். அவற்றுக்கான சோதனையை நீங்களேதான் எழுத வேண்டும். அது நினைப்பதைவிடச் சின்ன வேலை.

வற் எனும் பெறுமதி சேர் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் அது 15 வீதத்திலிருந்து 8 ஆனது. 2022 ஜூன் 1 அன்று 12, அதே வருடம் செப்டம்பர் 1 அன்று 15, 2024 ஜனவரி 1 அன்று 18. அந்த ஜூன் மாற்றம் வந்தபோது நான் வேலை செய்த இடத்தில் வீதத்தை மாற்றும் பொறுப்பு என்னுடையது. 0.08 என்று தேடி, கிடைத்த பதினொரு இடத்தையும் மாற்றினேன். பன்னிரண்டாவது இடத்தில் 1.08 என்று எழுதியிருந்தது, தேடலில் அகப்படவில்லை. கிரெடிட் நோட் அச்சடிக்கும் கோப்பு அது. மூன்று கிழமை கழித்து ஒரு வாடிக்கையாளரின் கணக்காளர் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். இன்னொன்றையும் அவரே காட்டினார்: மே மாத இன்வொய்ஸை ஜூனில் மறுபடி அச்சடித்தால் 12 வீதம் போட்டு வந்தது. நிரல் இலக்கணப்படி சுத்தம், லின்ட் பச்சை, டைப் சோதனை பச்சை. கணக்கு மட்டும் பிழை.

அதற்குப் பிறகு இரண்டு சோதனை போட்டோம். வீதம் இருக்க வேண்டிய ஒரேயொரு கோப்பைத் தவிர வேறெங்காவது இந்த எண்களில் ஒன்று தென்பட்டால் சிஐ (மாற்றம் வரும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) சிவப்பாகும். அது கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கட்டளை, ஒரு வரிதான். மற்றது ஒரு அட்டவணை டெஸ்ட்: 2022 மே 31க்கு 8, ஜூன் 1க்கு 12, ஆகஸ்ட் 31க்கு 12, செப்டம்பர் 1க்கு 15 என்று ஒவ்வொரு எல்லையின் இரு பக்கமும். செப்டம்பர் மாற்றம் வந்தபோது அட்டவணையில் ஒரு வரி சேர்த்து அரை மணித்தியாலத்தில் முடித்தோம். பில் போடும் செயலி வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லும் முதல் டெஸ்ட் இதுதான். பணத்தைத் தசம எண்ணாக வைத்திருந்தால் அதையும் பாருங்கள்: ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். சதத்தை முழு எண்ணாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, மொழி. உங்கள் செயலி மூன்று மொழியிலும் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலக் கோப்பில் ஒரு வாக்கியம் புதிதாகச் சேரும், சிங்களக் கோப்பில் அடுத்த நாள் சேரும், தமிழில் மறந்துபோகும். லாரவெல் அந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவும், அதுவும் இல்லாவிட்டால் வாக்கியத்துக்கு நிரலில் வைத்த அடையாளமான சாவிப் பெயரையே காட்டும். செயலியை ஆங்கிலத்தில் திறந்து பார்க்கும் நம் கண்ணில் இது ஒருநாளும் படாது. தமிழில் கடவுச்சொல்லை மாற்றப்போன ஒரு கடைக்காரருக்குத்தான் படும். மூன்று கோப்பின் சாவிகளும் ஒன்றா, ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயருக்கும் தொகைக்கும் விட்ட இடங்கள் மூன்று மொழியிலும் அதே எண்ணிக்கையா என்று ஒப்பிட நாற்பது வரி போதும். குறுஞ்செய்தி வார்ப்புகளையும் அதே இடத்தில் அளந்துவிடுங்கள்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழும் சிங்களமும் யூனிகோட் என்பதால் 70தான். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு போகும்.

தமிழுக்கே உரிய ஒன்றும் உண்டு. கோபால் என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு வழியில் பதிந்த வாடிக்கையாளரை மற்ற வழியில் தட்டித் தேடினால், தரவுத்தளத்தின் ஒப்பீட்டு முறையைப் பொறுத்து, கிடைக்காமல் போகலாம். உள்ளே வரும் எல்லாப் பெயரையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால் இது தீரும். ஆனால் ஸ்ரீதரனில் வரும் ஸ்ரீ இரண்டு வேறு எழுத்துகளால் தொடங்கி எழுதப்படுகிறது, அதை என்எஃப்சி ஒன்றாக்காது. தனியாகக் கையாள வேண்டும். இரண்டு வடிவத்திலும் பெயரைப் பதிந்து, இரண்டு வடிவத்திலும் தேடிப் பார்க்கும் ஒரு டெஸ்ட் வைத்துவிடுங்கள். இதை நமக்காக வேறு யாரும் எழுதப்போவதில்லை.

இனி கவரேஜ், அதாவது டெஸ்ட்டுகள் நிரலின் எத்தனை வீதத்தை ஓட்டிப் பார்த்தன என்ற அளவு. சோனார்கியூப் 80 வீதம் கேட்கிறது, எப்படி எட்டுவது என்கிறீர்கள். எட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வரி ஓடியது என்பதைத்தான் கவரேஜ் சொல்லும், அது சரியான விடையைத் தந்ததா என்பதை அல்ல. இன்னொரு இடத்தில், தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கும் ஒரு செயற்கூறு இருந்தது. பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும், 2016க்குப் பிறகு வந்தது பன்னிரண்டு எண். வருடத்துக்கு அடுத்த மூன்று எண்ணும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும், பெண்களுக்கு அதோடு 500 கூடும். இதெல்லாம் எழுதியவருக்குத் தெரியும். தெரியாதது, அந்த நாட்கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பது. 1995 நெட்டாண்டு இல்லை. ஆனாலும் அந்த வருடம் மார்ச் 1 அன்று பிறந்தவரின் அட்டையில் 61 இருக்கும். நிரல் 61ஐ நாட்காட்டியில் எண்ணி மார்ச் 2 என்றது. எழுதியவர் தன் சொந்த அடையாள அட்டையை வைத்து டெஸ்ட் எழுதியிருந்தார். அவர் பெப்ரவரியில் பிறந்தவர். டெஸ்ட் பச்சை, கவரேஜ் 100 வீதம். நெட்டாண்டில் பிறக்காத, பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிழை. நான்கு பேருடைய இலக்கத்தை, இரண்டு வகை வருடத்திலும் பெப்ரவரிக்கு முன்னும் பின்னுமாக எடுத்து வைத்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். ஆகவே எண்ணிக்கையைத் துரத்தாமல், பணம், திகதி, அனுமதி மூன்றையும் தொடும் நிரலுக்கு மட்டும் எல்லை நிலைகளை யோசித்து டெஸ்ட் எழுதுங்கள். உங்கள் டெஸ்ட்டுகள் உண்மையிலேயே பிடிக்கின்றனவா என்று பார்க்க, நிரலை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு டெஸ்ட் தோற்கிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. பிஎச்பிக்கு இன்ஃபெக்‌ஷன், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர். மெதுவாக ஓடும், ஆகவே வரி கணக்கிடும் கோப்புறைக்கு மட்டும் மாதம் ஒரு தடவை ஓட்டுங்கள்.

நேரத்தையும் விடக்கூடாது. சிஐ இயந்திரங்கள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். மொத்த வியாபாரி அதிகாலை நாலரைக்குப் போடும் ஓடருக்கு யூடிசிப்படி முதல் நாள் திகதி விழும். பகலில் டெஸ்ட் செய்யும் நமக்கு அது தெரியவே தெரியாது. 2024 ஜனவரி 1 அதிகாலை ஒரு மணிக்குப் போட்ட பில்லுக்கு இதே காரணத்தால் 15 வீதம் விழுந்திருக்கலாம். டெஸ்ட்டுக்குள் கடிகாரத்தைக் கொழும்பு நேரம் அதிகாலை நாலரையில் நிறுத்தி வைத்து ஓட்டுங்கள். கடிகாரத்தை நிறுத்தாத டெஸ்ட்டுகள்தான் சில நாள் பச்சை, சில நாள் சிவப்பு என்று ஆடும். அப்படி ஆடும் டெஸ்ட்டை அன்றைக்கே எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். "அது அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு" என்று அணியில் ஒருவர் சொன்னாலே மற்ற எல்லாச் சிவப்பும் மதிப்பிழந்துவிடும்.

பாதுகாப்பில் கருவிகள் கொஞ்சம் செய்யும். கடவுச்சொல், மற்றச் சேவைகளைத் திறக்கும் ஏபிஐ சாவி ரெப்போவுக்குள் போவதை கிட்லீக்ஸ் தடுக்கும். ஏற்கெனவே போயிருந்தால் கோப்பை அழிப்பது போதாது, வரலாற்றில் இருக்கும், சாவியையே மாற்றுங்கள். பிஎச்பிக்குக் கம்போசர் ஆடிட்டும் ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம் ஆடிட்டும் வெளியிலிருந்து எடுத்த பொதிகளில் தெரிந்த ஓட்டைகளைச் சொல்லும். என்பிஎம் பக்கத்தில் சத்தம் அதிகம், ஆகவே கடும் தரத்தில் உள்ளவை மட்டும் நிறுத்தட்டும். ஆனால் வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் பிடித்த அனுமதி மீறலை இவை பெரும்பாலும் காணா. முகவரிப் பட்டையில் இன்வொய்ஸ் இலக்கத்தை ஒன்று கூட்டினால் அடுத்த கடையின் பில் திறந்துவிடும் என்றால், அது நிரலில் எங்கும் பிழையாகத் தெரியாது. இரண்டு கடை, இரண்டு பயனர். ஒருவர் மற்றவருடையதைக் கேட்டால் ஒவ்வொரு வழியிலும் (செயலியின் ஒவ்வொரு முகவரியிலும்) மறுக்க வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள். புதிய வழி ஒன்று சேர்ந்தால் அதுவும் தானாக அந்தப் பட்டியலில் விழும்படி செய்யுங்கள்.

எனக்கு நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சோனார்கியூப் தரும் சிக்கல் அளவு எண்கள் உண்மையான பிழைகளை முன்கூட்டிச் சொல்கின்றனவா என்பதில் எனக்குச் சந்தேகம். நீளமான கோப்பைக் காட்டித் தருவதைத் தாண்டி எனக்கு உதவியதில்லை. உலாவியைத் திறந்து பட்டனை அழுத்திப் பார்க்கும் பிளேரைட் வகை டெஸ்ட்டுகள் ஐந்து பேர் அணியில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம் என்று நினைக்கிறேன்: உள்நுழைவு, பில் போடுதல், பணம் பதிதல், அச்சு, அறிக்கை. வேறு அணிகள் ஐம்பது வைத்து நன்றாக நடத்துகின்றன. அங்கே அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். செயற்கை நுண்ணறிவு செய்யும் கோட் ரிவியூ சிலவேளை நல்ல பிழையைப் பிடிக்கிறது. ஆனால் அதே நிரலுக்கு இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் சொல்லும், ஆகவே ஆலோசனையாக வைத்திருக்கிறேன், மேர்ஜை நிறுத்தும் அதிகாரம் கொடுக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்டிலிருந்து, தரவின் வகையையும் சோதிக்கும் டைப்ஸ்கிரிப்டுக்கு மாறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்லது, ஆனால் கோப்புக் கோப்பாக, இன்வொய்ஸ் பக்கத்திலிருந்து.

எல்லாச் சோதனையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கிட்ஹப் இலவசத் திட்டத்தில் பிரைவட் ரெப்போக்களுக்கு மாதம் 2,000 நிமிடம். ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு தடவை, மாதம் இருபத்திரண்டு நாள் என்றால் 220 ஓட்டம். பத்து நிமிடம் எடுத்தால் மாத முடிவுக்கு முன்பே தீர்ந்துவிடும். காசைவிட முக்கியமானது பொறுமை. பத்து நிமிடம் காத்திருப்பவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். மடிக்கணினியில் கமிட்டுக்கு முன் ஓடும் ஹூக்கில் வடிவமைப்பை மட்டும் வையுங்கள், அதைத் தாண்டிப் போக வழி இருப்பதால் நம்பிக்கை முழுவதும் சிஐ மேல் இருக்கட்டும்.

முதலாளிக்குக் கவரேஜ் எண்ணைக் காட்டாதீர்கள். அடுத்த மாதம் அது ஏறவில்லையே என்று கேட்பார், நீங்களும் எண்ணுக்காக டெஸ்ட் எழுதத் தொடங்குவீர்கள். கடந்த மூன்று மாதத்தில் உடைந்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். மாதத்துக்கு இரண்டு என்றால் ஆறு வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தச் சோதனை இருந்திருந்தால் நின்றிருக்கும், அதை எழுத எத்தனை மணித்தியாலம் என்று போடுங்கள். ஒன்றிரண்டுக்கு எந்தச் சோதனையும் உதவியிராது, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தத் தாளோடு போய் அவரிடம் இரண்டு நாள் கேளுங்கள். கிடைத்தால் முதல் நாள் காலை மொழிக் கோப்பு ஒப்பீட்டோடு தொடங்குங்கள். பின்னேரத்துக்குள் முடியும், அன்றைக்கே ஏதாவது ஒன்றைப் பிடித்தும் காட்டும். வரி அட்டவணை அடுத்த நாள். வீதங்கள் எந்தக் கோப்பில், எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று இங்கேயே போட்டீர்கள் என்றால் அந்த டெஸ்ட்டை எழுத நானும் சேர்ந்து பார்க்கிறேன்.